சந்தேகத்துக்கு யார் கணக்குக் கேட்பது?

ரமலான் பிறை தெரிந்ததும், முஸ்லிம்களின் கடமைத் தர்மமான ஜகாத் பற்றி ஒரு கேள்வியும் கிளம்பிவிடும்: "இத்தனை ஜகாத் வசூலாகிறதே, அந்தப் பணமெல்லாம் எங்கே போகிறது?" கேட்பவர் பெரும்பாலும் நல்ல மனிதர்தான். பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளி கொடுத்தனுப்பி வாங்கிக் குடிப்பவர். உள்ளூர் ஏழைக்குத் துணியும் மளிகையும் கொடுப்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. சிரியா, காஸா, ஏமன், சோமாலியா என்று ஊர்ப்பெயர் மாறும்போதுதான் அவர் குரல் தாழ்கிறது. பதிலையும் அவரே கையில் வைத்திருப்பார்: ஒரு பங்கு துப்பாக்கிக்குப் போகும், மிச்சம் அவர்கள் ஆட்களுக்கு மட்டும் போகும்.

டீக்கடைப் பேச்சோடு இது நின்றிருந்தால் விட்டுவிடலாம். 2001 செப்டம்பருக்குப் பிறகு இதே எண்ணம் வல்லரசுகளின் கொள்கையாகவும் வங்கிகளின் விதியாகவும் ஆனது. அந்த ஆண்டு அக்டோபரில், பாரிஸிலிருந்து இயங்கும் எஃப்.ஏ.டி.எஃப். என்ற பன்னாட்டுப் பணிக்குழு, பயங்கரவாத நிதியைத் தடுக்கச் சில சிறப்புப் பரிந்துரைகளை வெளியிட்டது. அவற்றில் எட்டாவது, தொண்டு நிறுவனங்கள் இந்த ஆபத்துக்கு மிகவும் ஆளாகக்கூடியவை என்றது. அதில் எந்த மதத்தின் பெயரும் இல்லை. நடைமுறையில் அது யார் தலையில் விடிந்தது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த எண்ணம் பிழை என்று மட்டும் நான் சொல்லவரவில்லை. இது உயிர்களைக் குடித்திருக்கிறது என்று சொல்கிறேன்.

2011 ஜூலை 20 அன்று ஐ.நா. தெற்கு சோமாலியாவின் பக்கூல், கீழ் ஷபெல்லே பகுதிகளில் பஞ்சம் நிலவுவதாக அறிவித்தது. மழை பொய்த்தது ஒரு காரணம். அந்தப் பகுதிகளை ஆண்ட அல்-ஷபாப் என்ற ஆயுதக்குழு உதவி நிறுவனங்களிடம் வரி கேட்டு மிரட்டித் துரத்தியது இன்னொரு காரணம். உலக உணவுத் திட்டம் 2010 தொடக்கத்திலேயே தெற்கின் பெரும்பகுதியை விட்டு வெளியேறியிருந்தது. இதில் எதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அதைப் பேசுவோர் குறைவு. அமெரிக்கா 2008இல் அல்-ஷபாபைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு, அந்தக் குழுவின் பிடியிலிருக்கும் ஊரில் நூறு மூட்டைச் சோளம் இறக்கி, அதில் ஒரு மூட்டை ஆயுதக்காரன் கைக்குப் போனாலும், அனுப்பிய நிறுவனத்தின் மேல் குற்ற வழக்கு பாயும் என்ற அச்சம் பரவியது. சோமாலியாவுக்கான அமெரிக்க உதவி பெருமளவு சரிந்தது. நிபந்தனைகள் தளர்த்தப்பட்டது பஞ்சம் அறிவிக்கப்பட்ட பிறகு, ஆகஸ்ட் மாதத்தில்தான்.

2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கைச் சொன்னது. 2010 அக்டோபரிலிருந்து 2012 ஏப்ரல் வரை அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் ஏறத்தாழ 2,58,000 பேர். அவர்களில் சுமார் 1,33,000 பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். ஒரு பிடிச் சோளம் கெட்டவன் வாய்க்குப் போய்விடக்கூடாது என்ற கவலை, வளர்ந்த நாடுகளின் அலுவலகங்களில் நெடுநாள் பேசப்பட்ட அதே காலத்தில்தான் இந்தக் குழந்தைகள் செத்தார்கள்.

அப்போது உள்ளே போனவர்கள் யார்? மற்றவர்களோடு, முஸ்லிம் நிவாரண அமைப்புகளும் போயின. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு மொகதிஷுவில் ஓர் ஒருங்கிணைப்பு அலுவலகம் திறந்து, பல நாடுகளின் முஸ்லிம் அறக்கட்டளைகளை ஒன்றுசேர்த்தது. துருக்கியின் தொண்டு நிறுவனங்களும் செம்பிறைச் சங்கமும் இறங்கின. அந்நாட்டுப் பிரதமராக இருந்த எர்டோகன் ஆகஸ்டில் குடும்பத்தோடு மொகதிஷுவுக்கே வந்தார். அது ரமலான் மாதம். துருக்கி மசூதிகளில் திரண்ட பணம் அதே மாதத்தில் சோமாலிய முகாம்களில் சோறானது. அயல்நாடுகளில் டாக்ஸி ஓட்டியும் கடைகளில் நின்றும் பிழைத்த சோமாலியர்கள், தங்கள் உறவுக்காரர் மூலமாகவே ஊருக்குப் பணம் அனுப்பினார்கள்.

இங்கே ஒரு செய்தியை நிறுத்திச் சொல்ல வேண்டும். இஸ்லாமிக் ரிலீஃப் என்ற அமைப்பை 1984இல் பிர்மிங்காம் நகரில் தொடங்கியவர் ஹானி எல்-பன்னா என்ற எகிப்திய மருத்துவர். ஆப்பிரிக்கப் பஞ்சத்தைப் பார்த்துத் தொடங்கினார். முதல் நன்கொடை இருபது பென்ஸ் நாணயம். சோமாலியப் பஞ்சத்தில் வேலை செய்த அந்த அமைப்பை, 2012 அக்டோபரில் அல்-ஷபாப் தன் பகுதியில் தடைசெய்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2014இல், ஐக்கிய அரபு அமீரகம் அதே அமைப்பைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. இஸ்ரேலும் அதே ஆண்டில் தடைவிதித்தது. யூ.பி.எஸ். வங்கி 2012இல் அதன் கணக்கை மூடியிருந்தது. ஹெச்.எஸ்.பி.சி.யும் உறவை முறித்துக்கொண்ட செய்தி 2016 தொடக்கத்தில் வெளிவந்தது. பயங்கரவாதிகள் துரத்திய ஓர் அமைப்பையே பயங்கரவாதத்தின் பெயரால் அரசுகளும் வங்கிகளும் துரத்தின. இந்தச் சந்தேகத்துக்குச் சான்றும் தேவைப்படவில்லை, நிதானமும் தேவைப்படவில்லை என்பதற்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அந்த அமைப்பு பிரிட்டனில் பதிவுபெற்றது. அங்கே செஞ்சிலுவைச் சங்கம், ஆக்ஸ்ஃபாம் போன்றவை சேர்ந்து பேரிடருக்குப் பொது வேண்டுகோள் விடுக்கும் குழுவில் அதுவும் ஓர் உறுப்பினர்.

"பட்டியலில் சேர்க்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமலா?" என்பார்கள். 2001 நவம்பரில் அல்-பரகாத் என்ற சோமாலியப் பணப்பரிமாற்ற நிறுவனத்தை அமெரிக்கா முடக்கியது. அல்-கொய்தாவுக்குப் பணம் போகிறது என்பது குற்றச்சாட்டு. ஒழுங்கான வங்கியே இல்லாத ஒரு நாட்டில், அயல்நாட்டில் இருக்கும் மகன் தாய்க்கு அனுப்பும் பணம் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணையத்தின் அலுவலர்களே பிறகு ஆராய்ந்துவிட்டு, அந்தக் குற்றச்சாட்டை நிறுவும் ஆதாரம் கிட்டவில்லை என்று எழுதினார்கள். அதற்குள் நிறுவனம் அழிந்திருந்தது. 2013இல் பிரிட்டனின் பார்க்ளேஸ் வங்கி, சோமாலியாவுக்குப் பணம் அனுப்பும் நிறுவனங்களின் கணக்குகளை மூட முடிவுசெய்தபோது, அவற்றில் பெரியதான தஹாப்ஷீல் நீதிமன்றம் போய்த் தற்காலிகத் தடை வாங்கியது. அயல்நாட்டுச் சோமாலியர் அனுப்பும் தொகை ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கும் மேல் என்று மதிப்பிடப்பட்டது. அது நின்றால் என்ன ஆகும்?

வங்கி கதவைச் சாத்தினால் தர்மப் பணம் நின்றுவிடுமா? நிற்காது. உண்டியலில் போகும், பெட்டியில் போகும், பயணம் போகிறவர் இடுப்புப் பையில் போகும். வளைகுடாவிலிருந்து பணம் வரும் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ரசீதோடும் தணிக்கையோடும் போய்க்கொண்டிருந்த பணத்தை, ரசீதில்லாத பாதைக்குத் தள்ளியது யார்? கணக்கில்லை என்று குற்றம் சொல்கிறவர்களின் விதிகள்தான்.

இனி, எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். 2005 அக்டோபர் 8 அன்று பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரில் நிலம் நடுங்கியது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இடிபாடுகளுக்குள் முதலில் இறங்கியவர்களில் ஜமாஅத்-உத்-தாவாவின் ஆட்களும் இருந்தார்கள். அது லஷ்கர்-எ-தொய்பாவின் மறுமுகம். 2008 நவம்பரில் மும்பையில் நடந்த படுகொலைக்குப் பிறகு, டிசம்பரில் ஐ.நா. அதைப் பட்டியலில் சேர்த்தது. சவூதியின் அல்-ஹரமைன் அறக்கட்டளையும் இப்படித்தான் பட்டியலுக்குப் போய் 2004இல் கலைக்கப்பட்டது. ஆக, நிவாரணத்தைப் போர்வையாகப் போர்த்திய அமைப்புகள் இருந்தன, இருக்கின்றன. அவற்றை ஒடுக்கியது சரி. இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

ஆனால் அதே நிலநடுக்கத்தில் எத்தி அறக்கட்டளையின் ஆம்புலன்ஸ்களும் ஓடின. அப்துல் சத்தார் எத்தி குஜராத்தின் பாண்ட்வாவில் பிறந்தவர், பிரிவினையில் கராச்சிக்குப் போனவர். 1957இல் அந்நகரைக் காய்ச்சல் உலுக்கியபோது தெருவில் கூடாரம் அடித்துத் தொடங்கிய வேலை, உலகின் மிகப் பெரிய தன்னார்வ ஆம்புலன்ஸ் சேவைகளில் ஒன்றாக வளர்ந்தது. 2005இல் அமெரிக்காவைக் கத்ரீனா புயல் தாக்கியபோது அந்த அறக்கட்டளை ஒரு லட்சம் டாலர் அனுப்பியது. வழிதவறி எல்லை தாண்டிப்போன, பேச்சும் செவியும் இல்லாத இந்தியச் சிறுமிக்கு எத்தியின் மனைவி பில்கீஸ் கீதா என்று பெயரிட்டு வளர்த்தார். 2015இல் அவள் நாடு திரும்பியபோது நம் பிரதமர் ஒரு கோடி ரூபாய் அறிவித்தார். எத்தி நன்றி சொல்லி மறுத்துவிட்டார். ஒரே நாட்டில், ஒரே மதத்தவர் நடத்திய, ஒரே இடிபாட்டில் நின்ற இரண்டு அமைப்புகள் இவை. ஒன்றைக் காட்டி மற்றதைக் கட்டிவைப்பதற்குப் பெயர் எச்சரிக்கை அல்ல. ஜமாஅத்-உத்-தாவாவின் தலைவர் ஹஃபீஸ் சயீதின் பெயரைச் சொல்லி எத்தியின் ஆம்புலன்ஸை நிறுத்தினால் இடிபாட்டுக்குள் கிடப்பவனுக்கு மிஞ்சுவது ஹஃபீஸ் சயீதின் ஆள் மட்டும்தான்.

விதி வகுத்தவர்களே பிறகு இதை ஒப்புக்கொண்டார்கள். 2016இல் எஃப்.ஏ.டி.எஃப். தன் எட்டாவது பரிந்துரையைத் திருத்தி, தொண்டு நிறுவனங்கள் எல்லாமே ஆபத்துக்கு ஆளாகக்கூடியவை என்ற வாசகத்தை எடுத்துவிட்டது. 2023இல் மறுபடியும் திருத்தியது. 2022 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்புச் சபை 2664ஆம் தீர்மானத்தின் மூலம், தன் தடைப்பட்டியல்கள் மனிதாபிமான உதவிக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று விலக்களித்தது. இரண்டே மாதத்தில், 2023 பிப்ரவரி 6 அன்று, துருக்கியும் சிரியாவும் குலுங்கின. சிரியாவுக்கு நிலநடுக்க உதவி அனுப்ப ஆறு மாதச் சிறப்பு அனுமதியை அமெரிக்கக் கருவூலம் வெளியிட வேண்டியிருந்தது. பிணங்களைத் தோண்டிக்கொண்டிருக்கும்போது அனுமதிக் காகிதம் வந்தது. இத்தனை திருத்தத்துக்குப் பிறகும், நம் ஊர்ப் பேச்சில் 2001இன் வாசகமே அப்படியே நடமாடுகிறது.

அடுத்தது, "அவர்கள் ஆட்களுக்கு மட்டும்தான்" என்ற பேச்சு. இதில் பாதி உண்மை இருக்கிறது. ஜகாத்துக்கு உரியவர்கள் யார் என்பதைக் குர்ஆனே எட்டு வகையாக வரையறுக்கிறது. ஏழை, வறியவர், கடனில் மூழ்கியவர், வழியில் தவிப்பவர் என்று அந்த வரிசை போகிறது. ஜகாத்தை முஸ்லிம் ஏழைக்கே கொடுக்க வேண்டும் என்பது பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் தீர்ப்பு. சதகா என்னும் பொதுத் தர்மத்துக்கு அந்த எல்லை கிடையாது. அது யார் பசிக்கும் போகலாம், போகிறது. ஐ.நா. அகதிகள் ஆணையமே மார்க்க அறிஞர்களிடம் ஃபத்வா பெற்று, அகதிகளுக்கான ஜகாத் நிதியை 2019இல் முறைப்படி தொடங்கியது. சந்தேகத்துக்குரியது என்று நாம் தள்ளிவைத்த பணத்தை ஐ.நா. கைநீட்டிக் கேட்கிறது.

இருக்கட்டும், தன்னவருக்குக் கொடுத்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் இலங்கையின் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைச்செலவுக்குச் சில நூறு ரூபாயோடு, நடந்தும் படகேறியும் தெற்கே போனார்கள். பெரும்பாலோர் புத்தளத்தை அடைந்தார்கள். அங்கே அவர்களுக்கு முதல் சோறு போட்டது புத்தளத்து முஸ்லிம்கள். பள்ளிவாசலைத் திறந்தார்கள், பாடசாலையைத் திறந்தார்கள், தென்னந்தோப்பில் குடிசை போட இடம் கொடுத்தார்கள். தன்னவருக்கு மட்டும் கொடுத்தார்கள் என்று அவர்களை எந்தத் தமிழன் குறை சொல்ல முடியும்? அன்றைக்கு அந்த அகதிகளுக்காகக் குரல் கொடுத்த நம் பத்திரிகைகள் எத்தனை? பிறர் திரும்பிப் பார்க்காத இடத்தில் தன்னவன் மட்டுமே வந்து நிற்கிறான் என்றால் குறை வந்தவனுடையதா?

அதே இலங்கையில், 2006 ஆகஸ்டில், மூதூரில் சண்டை மூண்டது. புலிகள் உள்ளே வந்தார்கள், இராணுவம் எறிகணை வீசியது, பல்லாயிரம் பேர் கந்தளாய்க்கு ஓடினார்கள். பட்டினிக்கு எதிராக வேலை செய்த பிரெஞ்சு நிறுவனத்தின் பணியாளர்கள் பதினேழு பேர் மூதூரில் கொல்லப்பட்டது அந்த நாட்களில்தான். பதினாறு பேர் தமிழர்கள், ஒருவர் முஸ்லிம். அந்தச் சூழலில் லண்டனைச் சேர்ந்த முஸ்லிம் எய்ட் அமைப்பும், அமெரிக்க மெதடிஸ்த திருச்சபையின் நிவாரணக் குழுவும் கைகோத்தன. சுனாமி வேலைக்காக இருவருமே அந்த நாட்டில் இருந்தார்கள். பொருளையும் வாகனத்தையும் ஆட்களையும் பகிர்ந்துகொண்டு, இடம்பெயர்ந்தவர்களிடம் சேர்ந்தே போனார்கள். ஒருவருக்குத் திறக்காத கதவு மற்றவருக்குத் திறந்தது. அங்கே பிறந்த நட்பு 2007இல் உலகளாவிய ஒப்பந்தமாகவே ஆனது. தமிழ் மண்ணில், தமிழ் பேசும் மக்களுக்காக நடந்த இந்தச் செய்தி தமிழில் எவ்வளவு குறைவாகப் பேசப்பட்டிருக்கிறது!

தமிழ்நாட்டுப் பரங்கிப்பேட்டையையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அலை அடித்து ஓய்ந்ததும், வெள்ளாற்று முகத்துவாரத்தைச் சுற்றியுள்ள குப்பங்களிலிருந்து இந்து மீனவக் குடும்பங்கள் ஊருக்குள் ஓடிவந்தன. பரங்கிப்பேட்டை ஜமாஅத் அவர்களைப் பள்ளிவாசலிலும் கல்யாண மண்டபத்திலும் பாடசாலையிலும் தங்கவைத்து, அடுப்பு மூட்டி, பல நாள் சமைத்துப் போட்டது. அரசு எந்திரம் அசைவதற்குள் அங்கே உலை கொதித்தது. வந்தவர் என்ன சாதி, என்ன மதம் என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

இங்கேதான் நல்ல எண்ணமுள்ள மதச்சார்பற்ற நண்பர்கள் ஒரு வாதம் வைப்பார்கள்: "உதவி செய்யட்டும், மதத்தை ஏன் இழுக்க வேண்டும்? பொது அமைப்பாகச் செய்யலாமே." செய்யலாம்தான். ஆனால் அந்த உலை எப்படி அவ்வளவு சீக்கிரம் கொதித்தது என்று பார்க்க வேண்டும். ஊரில் ஜமாஅத் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு நிர்வாகி இருக்கிறார், குடும்பப் பதிவேடு இருக்கிறது, எந்த வீட்டில் விதவை, எந்த வீட்டில் கடன் என்று தெரியும். பல ஊர்களில் பைத்துல்மால் என்னும் பொது நிதி இருக்கிறது. ஆயிரம் பேருக்குச் சமைக்கும் தேக்சா இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது, கூப்பிட்டால் வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கொடுப்பது விருப்பம் அல்ல, கடமை என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கு ஏழையின் சொத்து, தன்னுடையது அல்ல என்று ஒருவன் மனதார நம்பும்போது, தொலைக்காட்சியில் அழும் குழந்தையைக் காட்டித்தான் அவனிடம் காசு வாங்க வேண்டும் என்பதில்லை. வெள்ளம் பழையதாகி, செய்தியாளர்கள் கிளம்பிப் போன பிறகும் அந்தக் காசு வரும். மதத்தைக் கழித்துவிட்டு இந்த அமைப்பை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. கழித்தால் தேக்சாவும் போய்விடும்.

2020ஐ நினைத்துப்பாருங்கள். மார்ச் மாத டெல்லி தப்லீக் கூட்டத்தைக் காட்டி நோயையே முஸ்லிம்கள் மேல் எழுதினார்கள். ஏப்ரலில் சென்னையில், கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரைப் புதைக்கவிடாமல் கூட்டம் கல்லெறிந்தது. பெற்ற பிள்ளைகளே உடலைத் தொட அஞ்சிய அந்த மாதங்களில், தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் (தமுமுக) உள்ளிட்ட முஸ்லிம் அமைப்புகளின் தொண்டர்கள் கவச உடை அணிந்து, இந்து உடலை எரியூட்டினார்கள், கிறிஸ்தவ உடலைக் கல்லறையில் இறக்கினார்கள், முஸ்லிம் உடலுக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். பழி சொல்லப்பட்ட தப்லீக்காரர்களில் குணமானவர்கள் பலர், பிறர் சிகிச்சைக்குப் பிளாஸ்மா கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டவர் மேல் போட்ட வழக்குகளை ஆகஸ்டில் ரத்துசெய்த பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகச் சொன்னது.

குறைகள் இல்லையா? இருக்கின்றன. முஸ்லிம் எய்டின் நிர்வாகச் சீர்கேட்டால், பிரிட்டனின் அறக்கொடை ஆணையம் 2016இல் அதற்கு இடைக்கால மேலாளரை நியமிக்க வேண்டிவந்தது. 2020இல் இஸ்லாமிக் ரிலீஃபின் அறங்காவலர் ஒருவர் யூதர்களை இழிவுபடுத்தி எழுதிய பதிவுகள் வெளிவந்தன. அவர் விலகினார், பிறகு அறங்காவலர் குழு முழுவதுமே விலகிப் புதுக்குழு வந்தது. நம் ஊர்களிலும், குர்பானித் தோல் பணத்துக்கு ஒழுங்கான கணக்கு எழுதாத நிர்வாகிகள் உண்டு. ரமலானில் புதிது புதிதாகக் கைபேசி எண்ணோடு முளைக்கும் வசூல்காரர்களும் உண்டு. இவையெல்லாம் நிர்வாகக் கோளாறுகள். கோவில் அறக்கட்டளையிலும் தேவாலயத்திலும் பன்னாட்டுப் பெருநிறுவனத்திலும் காணக்கூடிய அதே கோளாறுகள். ஆக்ஸ்ஃபாமின் ஊழியர்கள் ஹெய்ட்டியில் நடந்துகொண்ட விதம் 2018இல் அம்பலமானபோது, அந்த ஊழியர்களின் மதத்தை யாரும் ஆராயவில்லை. ஆராய்ந்திருக்கவும் கூடாது.

ஆகவே நான் கேட்பது சலுகை அல்ல. ஒரு வங்கி ஒரு நிவாரண அமைப்பின் கணக்கை மூடினால் காரணத்தை எழுத்தில் தரட்டும், அதை எதிர்த்து முறையிட ஓர் இடம் இருக்கட்டும். ஓர் அரசு பட்டியலில் ஒரு பெயரைச் சேர்த்தால் ஆதாரத்தை நீதிமன்றத்தில் வைக்கட்டும். 2017 அக்டோபரில், ரோஹிங்கியா அகதிகள் லட்சக்கணக்கில் வந்து குவிந்துகொண்டிருந்தபோது, இஸ்லாமிக் ரிலீஃப், முஸ்லிம் எய்ட் உட்பட மூன்று அமைப்புகளை முகாம்களுக்குள் வரக்கூடாது என்று வங்கதேசம் தடுத்தது. முஸ்லிம் பெரும்பான்மை நாடு ஒன்றே அப்படிச் செய்யத் துணிகிறது என்றால், இந்தச் சந்தேகம் எவ்வளவு மலிவாகக் கிடைக்கும் ஆயுதம் என்று புரியும்.

ஜமாஅத்துகளும் செய்ய வேண்டியது உண்டு. பைத்துல்மால் வரவு செலவை ஆண்டுதோறும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டும் ஊர்கள் இருக்கின்றன. ஒட்டாத ஊர்களும் ஒட்டட்டும். வெளிநாட்டு நிவாரணத்துக்கு வசூலித்தால் எந்த அமைப்பிடம், எந்தத் தேதியில், எவ்வளவு கொடுத்தோம் என்று ரசீதோடு சொல்லட்டும். "எங்கே போகிறது?" என்று கேட்கும் நண்பரும் அந்தக் கேள்வியை டீக்கடையில் கேட்க வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் அலுவலகத்துக்குப் போய்ச் செயலாளரிடம் பதிவேட்டைக் கேளுங்கள். காட்ட மறுக்கும் நிர்வாகம் இருந்தால், ஊர்ப்பெயரையும் போட்டு எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.